ஒன்றரை கிலோ

பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடுவது எஞ்சின் மவுண்ட். டெட்ராய்ட் பக்கம் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில், எஞ்சினை வண்டியின் உடலோடு பிணைக்கும் பிராக்கெட்டுகளை வடிவமைக்கிறேன். ஒரு பிராக்கெட்டில் நாற்பது கிராம் குறைத்துக் காட்டினால் மேலாளர் தோளில் தட்டுவார். வருடத்துக்கு மூன்று லட்சம் கார் ஓடும் வரிசையில் நாற்பது கிராம் என்பது பன்னிரண்டு டன் அலுமினியம். இப்படியே பழகிவிட்டதால் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் எடை பார்க்கும் புத்தி வந்துவிட்டது. மளிகைக் கடையில் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, 'இவ்வளவு தடிமன் எதற்கு?' என்று கேட்டு மனைவியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் கராஜில் சொந்தமாக விமானம் கட்ட ஆரம்பித்தால் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று யாரும் ஊகிக்கலாம். இரண்டு இருக்கை, எஃகுக் குழாய்ச் சட்டகம், துணி போர்த்திய உடல், 100 குதிரைசக்தி ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின். வரைபடம் வாங்கி ஒவ்வொரு துண்டாக நானே வெட்டிப் பற்றவைத்துக் கட்டுவது. வால் முடிந்தது, இறக்கை விலா எலும்புகள் முடிந்தன. எஞ்சின் மவுண்ட் பக்கத்துக்கு வந்தபோது வரைபடத்தில் கண்டது இதுதான்: 4130 குரோமோலி எஃகு (குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது), 19 மில்லிமீட்டர் குழாய், சுவர்த் தடிமன் 1.25 மில்லிமீட்டர், மொத்த நீளம் ஏறக்குறைய ஆறரை மீட்டர். குழாய் மட்டும் 3.5 கிலோ. ரப்பர் உட்காரும் கிண்ணங்கள், போல்ட் துளைக்கான புஷ்கள் எல்லாம் சேர்த்தால் 4.6 கிலோ.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் அலுவலகத்தில் எஞ்சின் பிராக்கெட்டில் எஃகு என்று யாராவது சொன்னால், 'தாத்தா காலத்து வண்டியா?' என்று கேட்போம். காரே அலுமினியத்துக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு கிராமையும் எண்ணுகிற விமானத்தில், அதுவும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு எஃகை, இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டும் விமானத்துக்குத் தொழிற்சாலை விமானங்களின் வடிவமைப்பு விதிகள் பொருந்தாது. மவுண்டை எதில் செய்வது என்பது முழுக்க என் இஷ்டம். அந்த இஷ்டம்தான் ஏழு மாதம் தின்றது.

## குழாய் வந்த கதை

அலுமினியத்தை நானே ஒரு வாரத்தில் கழித்துவிட்டேன். 6061-டி6 நல்ல உலோகம்தான். ஆனால் அந்த 'டி6' என்பது சூளையில் வைத்துப் பதப்படுத்தி ஏற்றிய வலிமை. பற்றவைத்ததும் தையலை ஒட்டிய பகுதியில் அந்தப் பதம் போய், வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். திரும்பச் சூளையில் வைத்தால் மீட்கலாம், ஆனால் கராஜில் அவ்வளவு பெரிய சூளைக்கு எங்கே போவது? தவிர, அலுமினியத்துக்குச் சோர்வு எல்லை கிடையாது. எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை கோடி முறை ஆட்டினாலும் விரிசல் விடாது என்று நம்பிக் கணக்குப் போடலாம். அலுமினியத்தில் எவ்வளவு சின்ன ஆட்டமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு வேகமாக ஏறும்.

ஆகவே டைட்டானியம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம், எஃகுக்கு 7.85. ஆறு சதவீத அலுமினியமும் நான்கு சதவீத வனேடியமும் கலந்த வகையின் வலிமை 900 மெகாபாஸ்கலைத் தாண்டும். 4130 குழாயோ 650-ஐ ஒட்டி நிற்கும். எடையில் பாதிக்குச் சற்று மேல், வலிமையில் ஒன்றரை மடங்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதே விட்டம், அதே தடிமனில் குழாய் 3.5 கிலோவிலிருந்து 2 கிலோவுக்கு வரும். ஒன்றரை கிலோ மிச்சம். உபரிச் சரக்கு விற்கும் ஒருவரிடம் பேரம் பேசி வாங்கினேன். என்ன விலை என்பதை மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, ஆகவே இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கோவையில் பெரியப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவதில் தொடங்கி, உடைந்த ஏர் கலப்பை பற்றவைப்பது வரை எல்லா வேலையும் நடக்கும். ஃபோனில் அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"ஏங் கண்ணு, அது என்ன கெரகம், பத்த வெச்சா ஒட்டுமா?"

"ஒட்டுமுங்க பெரிப்பா. ஆனா காத்துப் படாம ஆர்கான் வாயுவுக்குள்ளயே பத்த வெக்கோணும். உள்பக்கமும் வாயு ஓட்டோணும். செவப்பு ஆறி, சூடு நல்லா எறங்கற வரைக்கும் காத்துப் படக்கூடாதுங்க."

"பட்டா?"

"நெறம் மாறும். வெள்ளி மாதிரி இருந்தா நல்லது. நீலம், வெள்ளப் பொடின்னு வந்தா அந்த எடம் கண்ணாடி மாதிரி ஆயிருச்சுன்னு அர்த்தமுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "எங்கிட்ட வந்த ஒடசல்ல வெல்டுல ஒடஞ்சது கம்மி கண்ணு. வெல்டுக்குப் பக்கத்துல ஒடஞ்சதுதான் சாஸ்தி. அந்த எடத்துல உன்ற சாமான் எப்பிடி நிக்கும்னு பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பார்க்கவில்லை.

## நான்கு எண்கள்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான இஏஏவில், கட்டும் வேலையை இடையிடையே வந்து பார்த்துப்போகும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் கிளைக்கு வருபவர் நாற்பது வருடம் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். டைட்டானியக் குழாயைக் கையில் எடுத்துச் சுண்டினார், ஓசை கேட்டார், "நல்ல குழாய்" என்றார். பிறகு, "உன் கணக்கில் மவுண்ட் உடைகிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எஞ்சினும் அதைச் சேர்ந்தவையும் 75 கிலோ. மோதலின்போது முன்னோக்கி 9ஜி, அதாவது எடையைப் போல ஒன்பது மடங்கு விசை வந்தாலும், எந்த எஃகுக் குழாயும் தன் வலிமையில் கால்பங்கைத் தொடவில்லை. புரொப்பெல்லரின் முறுக்குவிசை ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர். சிலிண்டர் எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சின் உதறி உதறித் தள்ளும் என்பதால், தொழிற்சாலை விமானங்களுக்கான பழைய விதி, என்னுடையதைப் போன்ற நான்கு சிலிண்டருக்கு அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் மூன்றால், இரண்டு என்றால் நான்கால். அப்படிப் பெருக்கியும் ஒன்றும் ஆகவில்லை.

"அப்படியானால் வலிமை உன்னிடம் ஏற்கெனவே மிச்சமிருக்கிறது. மிச்சமிருப்பதை இன்னும் ஏன் வாங்குகிறாய்?" என்றார். போகும்போது வாசலில் நின்று, "எவ்வளவு வளைகிறது என்று பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கட்டுரையே அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். குழாய்ச் சட்டகத்தில் ஒவ்வொரு குழாயும் இழுபடும் அல்லது அமுங்கும். எவ்வளவு நீளும், எவ்வளவு குறுகும் என்பதைத் தீர்மானிப்பது வலிமை கிடையாது, யங் குணகம். எஃகுக்கு 205 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 114, அலுமினியத்துக்கு 69, மெக்னீசியத்துக்கு 45. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்தால், ஒரு கிலோவுக்கு எவ்வளவு விறைப்பு கிடைக்கும் என்பது தெரியும். வகுத்தேன். எஃகு 26.1. டைட்டானியம் 25.7. அலுமினியம் 25.6. மெக்னீசியம் 25.

கால்குலேட்டரைத் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி வகுத்தேன். இரண்டாம் வருடக் கல்லூரிப் பாடத்தில் இந்த எண்கள் எல்லாமே இருந்தன. தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். தினமும் கணினியில் இவற்றை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்ததில்லை. பழைய விமானங்களில் போடும் ஸ்ப்ரூஸ் மரத்தைக்கூடச் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் 25-ஐ ஒட்டியே வந்தது. நாலு பிள்ளைகளுக்கும் சண்டை வராமல் நிலத்தைச் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்த அப்பனைப் போல இயற்கை நடந்துகொண்டிருக்கிறது.

இதன் பொருள் என்ன? எஃகு மவுண்ட் தரும் விறைப்பை டைட்டானியத்தில் வாங்க வேண்டுமென்றால் குழாய்ச் சுவரில் 1.8 மடங்கு உலோகம் வேண்டும். போட்டால் எடை திரும்பவும் அதே 3.5 கிலோ. ஒன்றரை கிலோ மிச்சம் என்று நான் குதித்ததெல்லாம் விறைப்பில் பாதியை விற்று வாங்கிய மிச்சம். அப்படியானால் விமானத் தோல் ஏன் அலுமினியத்தில் இருக்கிறது என்று கேட்கலாம். தகடு வளைவதும் நெளிவதும் வேறு கதை. அங்கே தடிமன் கூடக்கூட விறைப்பு கனமடங்காக ஏறும், ஆகவே லேசான உலோகத்தைத் தடிமனாகப் போட்டால் லாபம். முக்கோணம் முக்கோணமாகக் கட்டிய குழாய்ச் சட்டகத்தில் அந்த லாபம் கிடைக்காது. கார்பன் ஃபைபர் மட்டும் இந்தப் பங்கீட்டுக்குள் அடங்காதது. ஆனால் கராஜில் சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சி, புகைபோக்கிக் குழாயின் அருகே இளகிப்போகும். அந்த வாசலையும் சாத்திவிட்டேன்.

விறைப்பு எதற்கு என்பதும் எனக்கு அலுவலகத்தில் தெரிந்த விஷயம்தான், வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும் ரகம். எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர் இருக்கிறது. ரப்பர் வேலை செய்ய வேண்டுமென்றால் அதைத் தாங்குவது கெட்டியாக நிற்க வேண்டும். தாங்குவதே துவண்டால் ரப்பருக்கு வேலையில்லை. ஆட்டம் இருக்கைக்கு வரும். விமான வரலாற்றில் இதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. லாக்ஹீட் எலெக்ட்ரா என்ற நான்கு டர்போபுரொப் எஞ்சின் பயணிகள் விமானம் 1959 செப்டம்பர் 29 அன்று டெக்சாஸில் பஃபலோ ஊருக்கு அருகே நடுவானில் பிய்ந்து விழுந்தது. 34 பேர் இறந்தார்கள். 1960 மார்ச் 17 அன்று இன்டியானாவில் டெல் சிட்டி அருகே இன்னொன்று, 63 பேர். இறக்கையின் வெளிப்புற எஞ்சினைத் தாங்கும் அமைப்பு விறைப்பு குறைந்தபோது, புரொப்பெல்லரும் எஞ்சினும் சுற்றி முடியப்போகும் பம்பரம் போலத் தலையாட்ட ஆரம்பித்தன. அந்தத் தலையாட்டலின் தாளம் இறக்கையின் இயல்பான தாளத்தோடு ஒத்துப்போனதும் இறக்கையே பிய்ந்தது. பிறகு தாங்கிகளையும் இறக்கையையும் விறைப்பாக்கித்தான் மற்ற எலெக்ட்ராக்களைப் பழைய வேகத்தில் பறக்க விட்டார்கள். என் சின்ன வண்டிக்கு அப்படி நேரும் என்று சொல்லவில்லை. புரொப்பெல்லரும் சிறிது, வேகமும் குறைவு. ஆனால் அந்த இரண்டு தேதிகளைப் படித்த பிறகு 'பாதி விறைப்பு போதும்' என்று எழுதக் கை வரவில்லை.

## தீ

அடுத்த முறை வந்தபோது பெரியவரிடம் நான்கு எண்களைக் காட்டினேன். அவருக்கு எண்களில் அக்கறையில்லை. "தீப்பிடித்தால்?" என்றார்.

எஞ்சின் இருக்கும் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஃபயர்வால் என்ற தகடு இருக்கிறது. மவுண்ட் இருப்பது அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் குழாயும் சிவக்கக் காய்ந்த புகைபோக்கியும் இருக்கும் பக்கம். தொழிற்சாலை விமானங்களின் பழைய விதியில், அந்தப் பகுதிக்குள் இருக்கும் மவுண்ட் தீத்தாங்கும் பொருளில் இருக்க வேண்டும் அல்லது தீயிலிருந்து மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. 'தீத்தாங்கும்' என்பதற்கு அமெரிக்க விதிப்புத்தகம் தரும் அளவுகோல் எஃகு. அதற்கு ஒரு படி கீழான 'தீயைச் சற்று எதிர்க்கும்' என்பதற்கு அளவுகோல் அலுமினியம். பரிசோதனைத் தீ ஏறக்குறைய 1100 டிகிரி செல்சியஸ், நேரம் 15 நிமிடம். 6061 அலுமினியம் 580 டிகிரியைத் தாண்டியதுமே உருக ஆரம்பிக்கும். வட மிச்சிகனில் முகாம் போட்டவர்களுக்கு இதற்குப் புத்தகம் தேவையில்லை: இரவு நெருப்பில் போட்ட பானக் கேன், காலையில் சாம்பலுக்குள் வெள்ளிப் பொட்டாகக் கிடக்கும்.

"எஞ்சின் நின்றுபோனால் இறக்கலாம். நான் இறக்கியிருக்கிறேன்" என்றார் பெரியவர். "எஞ்சின் விழுந்துபோனால் இறக்க முடியாது." கார்காரனான எனக்கு இது உறைக்க நேரம் பிடித்தது. காரில் மவுண்ட் அறுந்தால் எஞ்சின் சாய்ந்து உட்காரும், இழுவை வண்டியைக் கூப்பிடலாம். விமானத்தில் மூக்கிலிருந்து 75 கிலோ கழன்றால் ஈர்ப்பு மையம் ஒரே நொடியில் பின்னால் ஓடிவிடும். மூக்கு நிமிர்ந்து, காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து, கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் விமானம் கேட்காது. புரொப்பெல்லரின் ஒரு அலகு உடைந்து எஞ்சின் உதறிக்கொண்டால்கூட விழாமலிருக்க, எஃகுக் கம்பிவடத்தால் எஞ்சினை ஃபயர்வாலோடு கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். உந்துவதற்கு உதவாவிட்டாலும் பரவாயில்லை, கல்லாகவாவது மூக்கில் தொங்கட்டும் என்பதற்காக.

## ஈயம்

கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கதையில் நான் மிகவும் வெட்கப்படும் இடம் விறைப்போ தீயோ இல்லை, கூட்டல் கழித்தல். என் விமானத்துக்கு எடை-சமநிலைக் கணக்கு போட்டபோது அது ஏற்கெனவே வால்கனம். இந்த வடிவம் பழைய கனமான எஞ்சினுக்காக வரைந்தது. நான் லேசான ரோட்டாக்ஸ் போடுகிறேன். ஈர்ப்பு மையம் பின் எல்லையை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. மவுண்ட் இருப்பது ஈர்ப்பு மையத்துக்கு 90 சென்டிமீட்டர் முன்னால். அங்கே ஒன்றரை கிலோ குறைத்தால், அதைச் சரிக்கட்ட, ஒன்றரை மீட்டர் முன்னால் புரொப்பெல்லருக்குப் பின்னே 900 கிராம் ஈயம் கட்ட வேண்டும். தங்க விலை கொடுத்து டைட்டானியம் வாங்கி, அதன் தலையில் ஈயத்தைக் கட்டிப் பறக்கப்போகும் உலகின் முதல் அறிவாளியாக நான் இருந்திருப்பேன். (முதல் இல்லையாம். கிளையில் சொன்னபோது இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.)

அதே கணக்கை வாலிலிருந்து தொடங்கினால் வேறு உலகம். வால் சக்கரம் 3.9 மீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே 350 கிராம் குறைத்தால், மூக்கில் ஒன்றரை கிலோ கூட்டிய பலன். வால் சக்கரத்தைத் தாங்குவது ஒரு ஸ்பிரிங் தண்டு. ஸ்பிரிங்குக்கு வேண்டியதே வளைந்து கொடுப்பதும் உடையாதிருப்பதும்தான். மவுண்டில் குறையாக இருந்த டைட்டானியத்தின் தளர்வு அங்கே குணம். சோனெக்ஸ் விமானங்களில் சக்கரக் கால்களையே டைட்டானியத்தில் செய்ததற்குக் காரணமும் இதுதான். குழாய் இதற்கு ஆகாது. கெட்டித் தண்டு தனியாக வாங்கினேன். அந்த ரசீதையும் வீட்டில் காட்டவில்லை.

எங்கள் கிளையில் இன்னொருவர் ஃபயர்வால் தகட்டையே டைட்டானியத்தில் போட்டார். அவருடையது கனமான லைகமிங் எஞ்சின், விமானமே மூக்குக்கனம். பழைய விதிப் பட்டியலில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்குப் பக்கத்திலேயே 0.4 மில்லிமீட்டர் டைட்டானியத் தகடும் இருக்கிறது. தீயைத் தாங்க வேண்டும், ஆனால் பாரம் தாங்க வேண்டியதில்லை, பற்றவைக்க வேண்டியதுமில்லை. அவர் செய்தது சரி. அதைப் பார்த்துவிட்டு நானும் டைட்டானியம் என்று கிளம்பியதுதான் கோளாறு.

## வரைபடத்தில் இருந்தபடியே

கடைசியில் 4130 குழாயிலேயே செய்தேன். சுவர்த் தடிமனைக்கூட மாற்றவில்லை. குழாய் நுனிகளை மீன்வாய் போல அராவி ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் உட்காரவைக்கவே மூன்று வாரம் ஆனது. டிக் வெல்டிங், அதாவது ஆர்கான் வாயுவின் மறைப்பில் டங்ஸ்டன் முனையால் பற்றவைப்பது. கராஜ் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒவ்வொரு கணுவும் தானாக ஆறும்வரை காத்திருந்தேன். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் இந்த எஃகு தையலோரத்தில் இறுகி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். பெரியப்பா சொன்ன அதே 'பக்கத்துல'. உள்ளே துருப்பிடிக்காமலிருக்க ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்தேன். வெளியே வெள்ளை பெயின்ட், அதுவும் மெல்லிசாக. பளபளப்பான பவுடர் கோட்டிங் போடலாம் என்று ஆசைதான். ஆனால் அது ரப்பர் தோல் மாதிரி, அடியில் விரிசல் விட்டாலும் மூடிக்கொண்டு நிற்கும். வெள்ளை பெயின்ட்டில் தலைமுடி விரிசல்கூடத் துருக்கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும்.

முதல் நாற்பது மணி நேரம் தனியாகத்தான் பறக்க வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த அனுமதியின் நிபந்தனை. பத்து மணி நேரம் பறந்து முடித்ததும் எஞ்சின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கணுக்கள் எல்லாம் சுத்தம். கீழ்ப்பக்கக் குழாய் ஒன்றில் மட்டும் பெயின்ட் தேய்ந்து ஒரு மெல்லிய வளையம். பெட்ரோல் குழாயைப் பிடிக்க நான் அவசரத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் ஜிப் டை. அதற்கடியில் தூசி புகுந்து, அதிர்வில் உப்புத்தாள் போல அறுத்துக்கொண்டிருந்தது. நகத்தால் தடவினால் எஃகிலேயே ஒரு கோடு தட்டுப்பட்டது. உலோகத்தைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டவன், அதைச் சுற்றிக் கட்டும் ஐந்து பைசாப் பிளாஸ்டிக்குக்கு ஐந்து நொடிகூடக் கொடுக்கவில்லை. எல்லா ஜிப் டையையும் வெட்டியெறிந்துவிட்டு ரப்பர் மெத்தை வைத்த ஆடெல் கிளாம்ப் போட்டேன். எடை கூடியது 140 கிராம்.

டைட்டானியக் குழாய்கள் இரண்டு வருடம் மேசைக்கடியில் கிடந்தன. போன மே மாதம் மனைவி கொல்லையில் அவரைக்குப் பந்தல் போட உயரமான கம்பி தேடினாள். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது ஆறும் மண்ணில் நட்டு, கயிறு கட்டி முடித்திருந்தது. ஜூலையில் இங்கே அடிக்கும் புயல்காற்றில் பக்கத்து வீட்டு மரப்பந்தல் முறிந்தது. எங்களுடையது தரையைத் தொடுமளவு சாய்ந்து நிமிர்ந்து நின்றது. "ரொம்ப நல்ல கம்பிங்க, இன்னும் நாலு கிடைக்குமா?" என்றாள்.